இங்கிலாந்தின் இருபாலர் தனியார் பள்ளிகளில் பகல் படிப்பும் விடுதி வாழ்க்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஓர் இருபாலர் தனியார் பள்ளியின் விடுதியில் பல ஆண்டுகள் வேலை செய்தேன். அதனால் பிள்ளைக்குப் பள்ளி தேடும் உறவினர்களும் நண்பர்களும், அவர்கள் வழியாக முன்பின் தெரியாத பெற்றோரும் என்னிடம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். சொல்லும் விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் பள்ளிகளை ஆய்வு செய்யும் அமைப்புகள் வேறு.

தனியார் பள்ளி என்றால் அரசு எதிலும் தலையிடாதா?

பணம் தருவதில்லை, ஆனால் கண்காணிக்கிறது. பள்ளி பெரும்பாலும் பெற்றோர் கட்டும் கட்டணத்தில் நடக்கிறது. ஓர் ஆட்சிக் குழு அதை நிர்வகிக்கிறது. தேசியப் பாடத்திட்டத்தை அப்படியே பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் கல்வித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். தனியார் பள்ளிகளுக்கான தரநிலைகளை நிறைவேற்ற வேண்டும்.

விடுதி இருந்தால் அதற்கென்று குறைந்தபட்சத் தேசியத் தரநிலைகள் தனியாக உள்ளன. இப்போது நடைமுறையில் இருக்கும் வடிவம் 2022 செப்டம்பரில் வந்தது. ஒவ்வொரு விடுதி இல்லத்திலும் இரவில் பொறுப்புள்ள பெரியவர் ஒருவராவது உறங்க வேண்டும், பிள்ளை பெற்றோரிடம் தனிமையில் பேச வசதி வேண்டும், பள்ளியைச் சாராத ஒருவரைப் பிள்ளை நேரடியாக அழைத்துக் குறை சொல்லத் தொடர்பு விவரம் தரப்பட வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளியின் வண்ணக் கையேட்டைப் படிப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள்.

பகல் மாணவர், வார விடுதி, முழு விடுதி என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பகல் மாணவர் இரவில் வீட்டுக்கு வந்துவிடுவார். வார விடுதியில் இருப்பவர் வெள்ளி மாலையோ சனிக்கிழமையோ வீட்டுக்கு வந்து ஞாயிறு இரவோ திங்கள் காலையோ திரும்புவார். முழு விடுதியில் வார இறுதியும் பள்ளியிலேயே கழியும். வாரத்தில் ஓரிரு இரவு மட்டும் தங்கும் வசதியும் பல பள்ளிகளில் உண்டு. தயக்கம் உள்ள பிள்ளைக்கு அது நல்ல தொடக்கம்.

முழு விடுதியைத் தேர்ந்தெடுக்கும் வெளிநாட்டுப் பெற்றோர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: சனி, ஞாயிறு இரவுகளில் விடுதியில் உண்மையில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள்? ‘முழு விடுதிப் பள்ளி’ என்று சொல்லிக்கொண்டாலும் வார இறுதியில் வெறிச்சோடிப் போகும் இடங்கள் இருக்கின்றன. அங்கே மிச்சமிருக்கும் நான்கைந்து பிள்ளைகளில் ஒருவராக உங்கள் பிள்ளை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மிக நீளமானது.

எந்த வயதில் சேர்ப்பது நல்லது?

வழக்கமான நுழைவு வயதுகள் 11, 13, 16. பதினொன்றில் ஏழாம் ஆண்டு, பதின்மூன்றில் ஒன்பதாம் ஆண்டு, பதினாறில் ‘சிக்ஸ்த் ஃபார்ம்’ எனப்படும் மேல்நிலை. பதினோராம் ஆண்டின் இறுதியில் ஜி.சி.எஸ்.இ. தேர்வு, பதின்மூன்றாம் ஆண்டின் இறுதியில் ஏ லெவல். சில பள்ளிகளில் ஏ லெவலுக்கு மாற்றாக ஐ.பி. எனப்படும் ‘இன்டர்நேஷனல் பேக்கலோரியட்’ படிப்பும் இருக்கிறது.

பதினோராம் ஆண்டில் நுழைப்பதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். ஜி.சி.எஸ்.இ. இரண்டு ஆண்டுப் படிப்பு. பாதியில் வந்தால் வேறு தேர்வு வாரியத்தின் பாடத்தைப் படித்த பிள்ளை திண்டாடிப்போகும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

பள்ளிக்குப் பள்ளி சற்று மாறும். பெரும்பாலும் ஏழு மணி வாக்கில் எழுந்து, காலை உணவு முடித்து, எட்டரைக்குள் வருகைப் பதிவுக்கு நிற்க வேண்டும். சில நாள் காலைக் கூட்டம், சில நாள் தேவாலயம். மதியம் வரை வகுப்புகள். வாரத்தில் இரண்டு மூன்று பிற்பகல்கள் விளையாட்டுக்கே போய்விடும்: ரக்பி, ஹாக்கி, நெட்பால், கிரிக்கெட், நீச்சல். விளையாட்டு இங்கே கால அட்டவணையின் ஒரு பகுதி. விருப்பமில்லை என்று ஒதுங்க முடியாது. வகுப்பு முடிந்தபின் நாடகம், இசை, விவாதம், சாரணர் பயிற்சியைப் போன்ற ராணுவக் கேடட் படை, 1956இல் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதுப் பயிற்சி என்று ஏதாவது ஒன்று இருக்கும். அந்த விருதின் வெண்கல நிலைக்கே பிள்ளைகள் மூட்டை சுமந்து நடந்து ஓரிரவு கூடாரத்தில் தங்க வேண்டும்.

ஆறு மணி வாக்கில் இரவு உணவு. பிறகு ‘ப்ரெப்’ எனப்படும் மேற்பார்வைப் படிப்பு நேரம், வயதைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டு மணி. வீட்டுப்பாடம் அப்போது முடியும். அதன்பின் உறங்கப் போகும் வரை இருக்கும் இடைவெளிதான் விடுதி வாழ்க்கையின் உயிர். பொது அறையில் டோஸ்ட் கருகும் வாசனை, மேசைப் பந்துச் சத்தம், ஓரத்தில் ஒருத்தி தேம்பிக்கொண்டிருக்க இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, எல்லாம் அந்த நேரத்தில். பள்ளிகள் தங்கள் ஆய்வுக்கூடத்தையும் நீச்சல் குளத்தையும் காட்டுவார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அந்த மாலை நேரமும், அப்போது அங்கே இருக்கும் பெரியவர்களும்தான்.

பகல் மாணவனாகச் சேர்த்தால் என் மகன் ஓரங்கட்டப்படுவானா?

பள்ளியின் அமைப்பைப் பொறுத்தது. விடுதி மாணவரும் பகல் மாணவரும் ஒரே ‘ஹவுஸ்’ இல்லத்தில் கலந்திருக்கும் பள்ளிகளில் பகல் மாணவருக்கும் மேசை, அலமாரி, தேநீர் போட ஓர் இடம் இருக்கும். ப்ரெப் முடியும் வரை இருந்து சாப்பிட்டுவிட்டே வீட்டுக்குப் போகலாம். அங்கே பிரிவினை குறைவு. பகல் மாணவருக்கென்று தனி இல்லங்கள் வைத்திருக்கும் பள்ளிகளில் நட்பும் அப்படியே பிரிந்துவிட வாய்ப்பு உண்டு.

தூரத்தையும் எண்ணிப் பாருங்கள். காலை ஏழுக்குப் பள்ளிப் பேருந்து, இரவு எட்டுக்கு வீடு என்றால் அது பகல் மாணவர் வாழ்க்கை என்று பெயருக்குத்தான். அந்த நிலையில் வாரத்தில் இரண்டு இரவு தங்குவதே பிள்ளைக்கு ஓய்வு.

ஆணும் பெண்ணும் ஒரே வளாகத்தில் தங்குகிறார்கள் என்றதும் என் அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். என்ன சொல்வது?

ஒரே வளாகம், தனித்தனிக் கட்டடங்கள், அல்லது தனி நுழைவு உள்ள பிரிவுகள். உறங்கும் இடமும் குளியலறையும் பிரிந்தே இருக்க வேண்டும் என்பது மேலே சொன்ன தரநிலைகளிலேயே இருக்கிறது. எதிர்ப்பால் நண்பர் வந்தால் பொது அறை வரைக்கும்தான், அதுவும் குறிப்பிட்ட நேரத்தில். வகுப்பும் உணவுக்கூடமும் நாடக மேடையும் பொது.

இது புதிய பழக்கமும் இல்லை. 1893இல் தொடங்கிய பீடேல்ஸ் பள்ளி 1898இலேயே பெண்களைச் சேர்த்தது. மார்ல்பரோ 1968இல் மேல்நிலையில் பெண்களுக்கு இடம் தந்தது. ஸ்காட்லாந்தில் உள்ள கார்டன்ஸ்டன் 1972இல் இருபாலர் பள்ளியானது.

காதல் வருமா என்று கேட்டால், பதினைந்து வயதில் எந்தப் பள்ளியிலும் வரும். உறவுகள், பாலியல் பற்றிய கல்வி 2020 செப்டம்பர் முதல் தனியார் உயர்நிலைப் பள்ளிகளிலும் கட்டாயம். அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: ஆண் பிள்ளைகளோடு விவாதித்து, தோற்று, ஜெயித்து வளர்ந்த பெண்கள் பதினெட்டு வயதில் பல்கலைக்கழகத்தில் தடுமாறி நின்றதை நான் பார்த்ததில்லை.

மேட்ரன் என்பவர் யார்? வார்டன் மாதிரியா?

விடுதியின் தலைமைப் பொறுப்பு ஹவுஸ் மாஸ்டர் அல்லது ஹவுஸ் மிஸ்ட்ரஸுக்கு. அவர் பெரும்பாலும் ஆசிரியர். குடும்பத்தோடு அந்த இல்லத்திலேயே வசிப்பவர். மேட்ரன் அன்றாடத்தைப் பார்ப்பவர்: துணி துவைப்பு, காய்ச்சல், காணாமல்போன காலணி, சாப்பிடாத பிள்ளை. ஒரு பிள்ளை வாடியிருப்பது பெரும்பாலும் முதலில் அவர் கண்ணில்தான் படும். ‘டேர்ம்’ எனப்படும் கல்விப் பருவம் தொடங்கும் நாளில் அவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். உங்கள் பிள்ளைக்கு இருட்டென்றால் பயம், மாதவிடாய் நாளில் வயிற்றுவலி அதிகம் என்ற மாதிரியான செய்திகள் சேர வேண்டிய இடம் அதுவே.

கொண்டுபோகும் எல்லா மருந்தையும் அவரிடமோ பள்ளி மருத்துவ நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டும். பாராசிட்டமாலும் சூரண டப்பாவும் இதில் அடக்கம். பெட்டிக்குள் ஒளித்து அனுப்பாதீர்கள்.

சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும். தினமும் சைவ உணவு ஒன்றாவது இருக்கும். ஆனால் அலுப்புத் தட்டும். சேர்வதற்கு முன்பே, ஒரு வார உணவுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

சனிக்கிழமையும் பள்ளியா? விடுமுறை எப்போது?

பல விடுதிப் பள்ளிகளில் சனிக்கிழமை காலை வகுப்பு, பிற்பகலில் பிற பள்ளிகளோடு போட்டி. பகல் மாணவரும் வர வேண்டியிருக்கும். அதற்கு ஈடாக விடுமுறைகள் அரசுப் பள்ளிகளைவிட நீளம்.

ஆண்டுக்கு மூன்று பருவங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ‘ஹாஃப் டேர்ம்’ விடுமுறை; இலையுதிர் பருவத்தில் பல பள்ளிகள் அதை இரண்டு வாரமாக விடுகின்றன. இவற்றுக்கிடையே ‘எக்ஸியட்’ என்று எல்லாரும் வெளியேற வேண்டிய வார இறுதிகளும் வரும். அந்த நாட்களில் விடுதி மூடப்படலாம். விமான டிக்கெட் வாங்குவதற்கு முன் பருவ நாட்காட்டியைப் பாருங்கள். விலை மலிவு என்று இரண்டு நாள் முன்னதாகப் பிள்ளையை அழைத்துக்கொள்வதைப் பள்ளி விரும்பாது; அனுமதியும் கிடைக்காமல் போகலாம்.

லண்டனில் குடும்ப நண்பர் இருக்கிறார். கார்டியனாக அவர் போதாதா?

வெளிநாட்டில் வசிக்கும் பெற்றோரிடம் பள்ளிகள் கார்டியன் ஒருவரைக் கேட்கும். மேலே சொன்ன எக்ஸியட், ஹாஃப் டேர்ம் நாட்களில் பிள்ளை தங்க இடம் வேண்டும். நள்ளிரவில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால் ஓடி வர ஆள் வேண்டும். நண்பர் மனமுவந்து ஒப்புக்கொண்டாலும், நவம்பர் மாதத்து வேலை நாளில் மூன்று மணி நேரம் காரோட்டி வர அவரால் முடியுமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கார்டியன் சேவை நிறுவனங்கள் பணம் பெற்றுக்கொண்டு இதைச் செய்கின்றன. அவற்றுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு ஏஜிஸ். அந்த அங்கீகாரம் உள்ளதையே தேடுங்கள்.

பலருக்குத் தெரியாத சட்டம் ஒன்று உண்டு. 16 வயது நிறையாத பிள்ளை, நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவர் வீட்டில் 28 நாள் அல்லது அதற்கு மேல் தங்கினால் அது ‘தனியார் வளர்ப்புப் பராமரிப்பு’. உள்ளூராட்சி மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். தாத்தா, பாட்டி, அத்தை, மாமா, சித்தி, சித்தப்பா, உடன்பிறந்தோர் நெருங்கிய உறவில் அடங்குவர். ஒன்றுவிட்ட உறவும் ஊர்க்காரரும் அடங்க மாட்டார்கள்.

அக்கா, மகள் போன வாரம்தான் சேர்ந்தாள். தினமும் அழுது போன் செய்கிறாள். கூட்டி வந்துவிடட்டுமா?

இன்று வேண்டாம். முதல் சில வாரங்கள் ஏக்கம் வருவது இயல்பு. பகல் முழுதும் சிரித்து ஓடிய பிள்ளை இரவு எட்டு மணிக்கு உங்கள் குரலைக் கேட்டதும் உடைந்துவிடும். அழுது முடித்து, போனை வைத்துவிட்டு, தோழிகளோடு விளையாடப் போய்விடும். நீங்கள் மட்டும் விடிய விடிய விழித்திருப்பீர்கள். பிள்ளை அழும்போது நீங்களும் அழாதீர்கள். ‘பிடிக்கவில்லை என்றால் உடனே வந்துவிடு’ என்ற வாக்கையும் கொடுக்காதீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளை பழகவே முயலாது. போனில் ‘என்ன சாப்பிட்டாய், யாரோடு உட்கார்ந்தாய்’ என்று சின்ன விவரங்களைக் கேளுங்கள். பல விடுதிகள் இரவில் செல்போனை வாங்கி வைத்துவிடும். அதைக் கொடுமை என்று எண்ணாதீர்கள். தூக்கம் வந்தால் ஏக்கம் பாதி குறையும்.

அதே நேரம் மேட்ரனை அழைத்துப் பகலில் எப்படி இருக்கிறாள் என்று விசாரியுங்கள். பகலிலும் ஒதுங்கியே இருக்கிறாள், சாப்பாடு குறைகிறது, ஹாஃப் டேர்ம் முடிந்தும் மாற்றமில்லை என்றால் அது வேறு விஷயம். அப்போது கூட்டி வருவதில் வெட்கப்பட எதுவுமில்லை. விடுதி எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது.

நாங்கள் இந்துக்கள். தேவாலயத்துக்குப் போகச் சொல்வார்களா?

கிறித்தவ அடித்தளம் உள்ள பழைய பள்ளிகளில் தேவாலயக் கூட்டம் வாராந்தர வழக்கம்; எல்லா மதப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். ஜெபிக்கக் கட்டாயம் இல்லை. ஆனால் அரசுப் பள்ளிகளில் கூட்டு வழிபாட்டிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் சட்ட உரிமை இங்கே அதே வடிவில் கிடையாது. பள்ளியோடு நீங்கள் செய்யும் ஒப்பந்தமே பேசும். உங்களுக்கு அது உறுத்தல் என்றால் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

கட்டணம் ஏறிவிட்டது என்கிறார்களே, ஏன்?

2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 விழுக்காடு வாட் வரி உண்டு; விடுதிக் கட்டணமும் இதில் சேரும். பள்ளி சொல்லும் தொகை வரியோடு சேர்த்ததா என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கு மேல் சீருடை, தனி இசை வகுப்பு, சுற்றுலா, தேர்வுக் கட்டணம், கூடுதல் ஆங்கில வகுப்பு எல்லாம் தனி பில். சீருடைக்குப் பள்ளியிலேயே பழைய துணிக் கடை இருக்கும், தயங்காமல் வாங்குங்கள், எல்லாரும் வாங்குகிறார்கள்.

விலகும்போது முழுப் பருவ முன்னறிவிப்பு எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் அந்தப் பருவத்துக் கட்டணம் கேட்பார்கள். இங்கிலாந்தில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் அரசு உறைவிடப் பள்ளிகளையும் பாருங்கள். படிப்பு இலவசம், தங்கும் செலவு மட்டும்தான். மாணவர் விசாவில் வரும் பிள்ளைகளுக்கு அவற்றில் இடமில்லை.

ஸ்காலர்ஷிப் கிடைத்தால் இலவசமா?

பெரும்பாலும் இல்லை. ஸ்காலர்ஷிப் திறமைக்கான கௌரவம். கட்டணத்தில் சிறு பகுதியே குறையும், சில இடங்களில் பெயர் மட்டும்தான். வருமானத்தைப் பார்த்துத் தருவது பர்சரி. அதுதான் கட்டணத்தைக் கணிசமாகக் குறைக்கும். வருமானம், சொத்து எல்லாக் கணக்கையும் காட்ட வேண்டும், ஆண்டுதோறும் மறு ஆய்வு நடக்கும். ஓராண்டுக்கும் மேல் முன்னதாக விண்ணப்பியுங்கள்.

பழைய விடுதிகளில் நடந்த கொடுமைகளைப் படித்தால் பயமாக இருக்கிறது. இப்போது பாதுகாப்பு உண்டா?

அந்தப் பயம் நியாயமானது. சிறார் பாலியல் கொடுமை பற்றிய சுதந்திர விசாரணைக் குழு, உறைவிடப் பள்ளிகளைப் பற்றி 2022 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, பள்ளிகள் தங்கள் நற்பெயரைக் காக்கப் பிள்ளைகளைக் கைவிட்டதைப் பதிவு செய்திருக்கிறது. தனியார் பள்ளிகளில் பிரம்படிக்கே 1999இல்தான் இங்கிலாந்தில் முற்றுப்புள்ளி விழுந்தது.

இப்போது ஒவ்வொரு பள்ளியிலும் பாதுகாப்புக்கென்று பெயர் குறிப்பிட்ட அதிகாரி இருக்க வேண்டும்; ஊழியர்களின் குற்றப் பின்னணி சரிபார்க்கப்பட வேண்டும். பல பெரிய பள்ளிகளை ஐ.எஸ்.ஐ. என்ற ஆய்வு அமைப்பு பார்க்கிறது, மற்றவற்றை அரசின் ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் பார்க்கிறது. அறிக்கைகள் பொதுவெளியில் உள்ளன. 2023க்குப் பிறகு ஐ.எஸ்.ஐ. ‘மிகச் சிறப்பு’ போன்ற ஒற்றைச் சொல் மதிப்பீடு தருவதில்லை. தரநிலைகள் நிறைவேறினவா இல்லையா என்று எழுதுகிறது. விடுதி, பாதுகாப்புப் பகுதிகளில் ‘நிறைவேறவில்லை’ என்ற சொல்லைத் தேடுங்கள்.

விதி இருந்தால் மட்டும் பிள்ளை வாய் திறந்துவிடாது. பள்ளியைச் சாராத அந்த நபரின் பெயர் உன் விடுதிச் சுவரில் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசிச் சேவையான சைல்ட்லைனின் எண் 0800 1111, இலவசம். அதை மனப்பாடம் ஆக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இவ்வளவு பணம் கட்டுகிறோம்’ என்று பிள்ளையிடம் சொல்வதை நிறுத்துங்கள். அந்த ஒரு வாக்கியம் எத்தனையோ பிள்ளைகளின் வாயைக் கட்டிப்போட்டிருப்பதை விடுதியில் பார்த்திருக்கிறேன். தனக்கு நடப்பதைச் சொன்னால் அப்பாவின் பணம் வீணாகிவிடும் என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

மகனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் சிரமம். விண்ணப்பத்தில் சொன்னால் இடம் கிடைக்காதோ?

சொல்லுங்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தனியார் பள்ளிகளுக்கும் பொருந்தும். நியாயமான மாற்றங்களைச் செய்து தரும் கடமை அவர்களுக்கு உண்டு. மறைத்துச் சேர்த்தால் ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்ல அவர்களுக்கு வழி கிடைக்கும். அதைவிட முக்கியம், தேர்வில் கூடுதல் நேரம் போன்ற உதவிகளைப் பிள்ளை இழக்கும். உண்மையைக் கேட்டுத் தயங்கும் பள்ளி உங்கள் மகனுக்கு ஏற்ற இடமும் இல்லை.

பிள்ளை தவறு செய்து வெளியேற்றிவிட்டால் மேல்முறையீடு உண்டா?

அரசுப் பள்ளியில் இருக்கும் சுதந்திர மறு ஆய்வுக் குழு இங்கே கிடையாது. ஆட்சிக் குழுவைச் சேர்ந்த சிலர் முடிவை மீண்டும் பரிசீலிப்பார்கள். அந்த நடைமுறை ஒப்பந்தத்திலும் ஒழுங்கு விதிகளிலும் எழுதப்பட்டிருக்கும். கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பாது. போதைப்பொருள் விஷயத்தில் பள்ளிகள் இரக்கம் காட்டுவது அரிது என்பதைப் பிள்ளைக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைக்கு விசா கிடைத்தால் நானும் உடன் வந்து தங்கலாமா?

சைல்ட் ஸ்டூடண்ட் விசா 4 முதல் 17 வயது வரை. பெற்றோருக்கான விசா ஒன்று இருக்கிறது. ஆனால் பிள்ளை 4 முதல் 11 வயதுக்குள் இருக்க வேண்டும், பகல் மாணவராகவும் இருக்க வேண்டும். விடுதியில் சேர்த்தால் அந்த வழி அடைபடும்.

ஐந்து ஆண்டு அங்கேயே படித்தால் பல்கலைக்கழகத்தில் உள்நாட்டுக் கட்டணம்தானே?

இல்லை. இந்த நம்பிக்கையில் கணக்குப் போட்டு இடிந்துபோன குடும்பங்கள் உண்டு. முழுநேரப் படிப்புக்காகவே முக்கியமாகத் தங்கிய காலம் உள்நாட்டுக் கட்டணத் தகுதிக்கு உதவாது. பெற்றோர் வெளிநாட்டில் இருக்க, விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைக்குப் பொதுவாக வெளிநாட்டு மாணவர் கட்டணமே. ஏ லெவல் வரை பணம் இருக்கிறது, அதற்கு மேல் இல்லை என்றால் இப்போதே மறு யோசனை செய்யுங்கள்.

இங்கே படித்தால் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உறுதியா?

எந்தப் பள்ளியாலும் உறுதி தர முடியாது. தேர்வாளர்கள் பிள்ளை பெற்ற மதிப்பெண்ணை அது படித்த சூழலோடு சேர்த்தே பார்க்கிறார்கள். அதற்காக மட்டும் இவ்வளவு செலவழிக்க வேண்டாம்.

பள்ளியைப் பார்க்கப் போகிறோம். எதைக் கவனிப்பது?

பெற்றோர் வந்து பார்க்கப் பள்ளி ஏற்பாடு செய்யும் ‘ஓப்பன் டே’யோடு நிறுத்தாமல், சாதாரண வேலை நாளில் ப்ரெப் முடியும் நேரத்துக்கு விடுதியைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். சுற்றிக் காட்டும் மாணவரிடம் ‘நேற்று இரவு என்ன சாப்பிட்டாய், யார் விளக்கை அணைக்க வந்தார்’ என்று விசாரியுங்கள். ஹவுஸ் மாஸ்டர் அந்தப் பக்கம் போகும்போது பிள்ளைகள் பேச்சை நிறுத்துகிறார்களா, தொடர்கிறார்களா என்று பாருங்கள். அவர் அந்த விடுதியில் எத்தனை ஆண்டாக இருக்கிறார், இரவில் அவருக்கு விடுப்பு என்றால் யார் பொறுப்பு என்றும் கேளுங்கள்.

உங்கள் பிள்ளையையும் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். ஓரிரவு தங்கிப் பார்க்கும் வாய்ப்பைப் பல பள்ளிகள் தருகின்றன. திரும்பி வரும் வழியில் உங்கள் கருத்தைச் சொல்லாமல், பிள்ளையை முதலில் பேச விடுங்கள். ‘வேண்டாம்’ என்று சொன்னால் காரணம் கேளுங்கள். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் அந்த ‘வேண்டாம்’ செல்லும்.